மாரத்தான் பயிற்சிக்கு நடுவே இடுப்பு பிடித்துக்கொண்டால்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை பயிற்சிக் காலம். வாரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடியவர் 40, 50 என்று ஏற்றிக்கொண்டே போகும் இந்த மாதங்களில்தான், முதல்முறை ஓடுபவர்கள் பலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிப்பது குறைவு. லாங் ரன் எனும் நீண்ட ஓட்டம் முடிந்த மறுநாள் தண்ணீர் கேனைத் தூக்கும்போதோ, குனிந்து லேஸ் கட்டும்போதோ, சில சமயம் வெறும் தும்மலிலோ சுரீரென்று பிடித்து, நிமிர முடியாமல் போய்விடும்.

வலி எவ்வளவு கடுமையோ அவ்வளவு பெரிய சேதம் என்று அர்த்தமில்லை. முதுகெலும்பை ஒட்டிய மூட்டோ தசைநாரோ, எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் எனும் வட்டோ கொஞ்சம் எரிச்சலடைந்தால், அந்த இடம் அசையாமலிருக்கச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்கின்றன. அந்த இறுக்கம்தான் பிடிப்பு. பெரும்பாலோருக்கு 2 வாரத்தில் நன்றாகத் தணிந்து, 4 முதல் 6 வாரத்தில் முழுக்கச் சரியாகிவிடும். அதைக் கெடுப்பவை இரண்டு காரியங்கள்: முதல் வாரம் படுத்தே கிடப்பது, வலி போன அன்றே பழைய கிலோமீட்டருக்குத் திரும்புவது. இரண்டாவதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்.

பிடித்த முதல் ஒரு மணி நேரம்

வலுக்கட்டாயமாக நிமிரப் பார்க்காதீர்கள். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, மெதுவாகக் கீழே இறங்கி, தரையில் மல்லாந்து படுங்கள். இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வையுங்கள். இடுப்பிலும் முழங்காலிலும் கால் ஏறத்தாழ செங்கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். தலைக்கு மெல்லிய தலையணை போதும். வயிறு ஏறி இறங்கும்படி மெதுவாக மூச்சு விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். 10 முதல் 15 நிமிடத்தில் இறுக்கம் ஒரு படி இறங்கும்.

எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காரக் கூடாது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுங்கள். தரையில் கையை ஊன்றி உடம்பை மேலே தள்ளி, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழுங்கள். கட்டிலிலும் இதேதான்: ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கையால் தள்ளி எழ வேண்டும். அடுத்த 10 நாளைக்கு எப்போது எழுந்தாலும் இப்படித்தான்.

சுளுக்கு எடுக்கிறேன் என்று உலக்கையை உருட்டுவது, இடுப்பை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது, காலால் பிறந்தவரை விட்டு மிதிக்கச் சொல்வது எதுவும் வேண்டாம். எரிச்சலடைந்திருக்கும் மூட்டில் திடீரென விழும் விசை, தசையை இன்னும் இறுகத்தான் வைக்கும். சூடான எண்ணெயை லேசாகத் தடவிவிடுவதில் தவறில்லை.

வீட்டில் சமாளிக்கக் கூடாதவை

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சிறுநீர் வர மறுப்பது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, மலம் கட்டுப்படாமை, இரு தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, நடக்கும்போது பாதம் தரையில் இழுபடுவது. இவை முதுகுத்தண்டின் அடி நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

காய்ச்சலோடு முதுகுவலி, கீழே விழுந்த பிறகு வந்த வலி, எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்திருப்பது: இவற்றுக்கும் பரிசோதனை தேவை. விலாவுக்குக் கீழிருந்து அடிவயிறு, தொடையிடுக்கு வரை அலை அலையாகப் பாயும் வலி என்றால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். வெயிலில் ஓடிவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. நீண்ட ஓட்டத்துக்குப் பின் உடம்பெல்லாம் கடும் வலி, சிறுநீர் கோலா நிறத்தில் வருகிறது என்றால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதாக இருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

இந்த அறிகுறிகள் இல்லாவிட்டால் முதல் 6 வாரத்துக்கு எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ பொதுவாகத் தேவைப்படாது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த கட்டுரை ஒன்று, 20 வயதினரிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருப்பதாகச் சொல்கிறது. ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்த பயத்தில் ஓட்டத்தையே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனில் தெரிவதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

முதல் 3 நாள்

தொடர்ந்து படுத்திருப்பது மீட்சியைத் தள்ளிப்போடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, வீட்டுக்குள்ளேயே 3 முதல் 5 நிமிடம் நடங்கள். சிறிய அடிகளாக, கைகளை வீசி நடக்க வேண்டும். முதல் நாள் மாலையோ மறுநாளோ 10 நிமிட நடை மூன்று வேளை என்று ஆக்குங்கள். நடக்க நடக்க வலி குறைந்தால் சரியான அளவில் நடக்கிறீர்கள். நடந்த பிறகு ஏறினால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

சூடு ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றியே வைக்க வேண்டும். அதன் மேலேயே தூங்கிப்போய் தோல் வெந்துவிடுவது உண்டு. ஐஸ் இதமாக இருக்கிறது என்பவர்கள் ஐஸே வைக்கலாம்.

உட்காருவதுதான் நிற்பதைவிடக் கஷ்டமாக இருக்கும். 20 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதீர்கள். தாழ்ந்த சோபா, சம்மணம் போட்டு உட்காருவது, பேருந்தின் கடைசி சீட், இரு சக்கர வாகனம் எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். பைக்கை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும் இறக்குவதும் தனியாகவே இடுப்பைப் பிடிக்க வைக்கப் போதுமான வேலை. குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே இருந்தால் கம்மோடு ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடுங்கள். முக்குவது வலியைக் கூட்டும்; தண்ணீர், பழம், கீரை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தும்மலோ இருமலோ வருகிறது என்றால் உடனே ஒரு கையைச் சுவரில் ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தும்முங்கள்.

முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்ற நம்பிக்கை வலுவானது. ஆனால் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களிடம் செய்த ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி குறைந்தது. தரையிலிருந்து எழும் சிரமமும் மிச்சம். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியிலும் ஒரு தலையணை.

மாத்திரை விஷயம்

மெடிக்கல் ஷாப்பில் 'இடுப்பு பிடிச்சிருக்கு' என்றதும் வலி மாத்திரையும் தசை தளர்த்தியும் சேர்ந்த கலவையை எடுத்து நீட்டுவார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மருந்துகள் சில நாளைக்கு ஓரளவு உதவும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, கர்ப்பம் என்று எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தசை தளர்த்திகள் தூக்கத்தைக் கொடுப்பவை. போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். பாராசிட்டமாலைப் பொறுத்தவரை, திடீர் இடுப்புவலிக்காரர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2014-இல் லான்செட் இதழில் வந்தது: மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பாராசிட்டமால் சாப்பிட்டவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் ஓடுபவர்களுக்கென்றே. ஒன்று, ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு லாங் ரன் போகவே கூடாது. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வலி மறைவதால் எங்கே நிறுத்துவது என்பதும் தெரியாமல் போகும். இரண்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையோடு டெங்குவும் வரும் காலம். முதுகுவலியுடன் காய்ச்சலும் சேர்ந்தால் அந்த வகை மாத்திரை எதையும் போடாமல், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்குவில் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஆகியவை ரத்தக்கசிவுக்கு வழி செய்யும்.

நான்காம் நாள் முதல்

நடை இப்போது 15, 20, 30 நிமிடம் என ஏறட்டும். நீச்சல் தெரிந்தவர்கள் வலி அனுமதித்தால் நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்கலாம். இத்துடன் மூன்று பயிற்சிகள், தினமும் ஒரு வேளை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரப்பியவை இவை. முதுகெலும்பை வளைக்காமல் அதைத் தாங்கும் தசைகளை வேலை வாங்குவதே நோக்கம்.

முதலாவது, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, மற்ற காலை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பு வளைவுக்கு அடியில் கொடுத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து ஓரிரு விரல் உயரம் மட்டும் தூக்குவது. கைக்கு அடியில் இடுப்பு தட்டையாக அழுந்தினால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். இரண்டாவது, ஒருக்களித்து முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது. முழங்காலை விட்டுப் பாதத்தை ஊன்றுவது மூன்றாம் வாரத்தில்.

மூன்றாவதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. நாலு காலில் நின்று வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். காலை எவ்வளவு உயரத் தூக்குகிறோம் என்பதில் போட்டி போட்டால் இடுப்பு பள்ளமாகி, வலி அங்கேயே திரும்பும். குதிகாலைப் பின்சுவரை நோக்கித் தள்ளுங்கள். பாதம் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. அடி முதுகின் மேல் பாதி நிரம்பிய தண்ணீர் டம்ளர் ஒன்றை வைக்கச் சொல்லிப் பாருங்கள். சாய்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் திரும்புகிறது; காலை இன்னும் தாழ்த்துங்கள்.

ஒவ்வொன்றையும் 10 விநாடி பிடித்து விடுங்கள். முதல் சுற்றில் 6 முறை, அரை நிமிடம் ஓய்வு, அடுத்து 4, கடைசியில் 2. பக்கம் மாற்றியும் அதே கணக்கு. ஒரே மூச்சில் ஒரு நிமிடம் நிற்பதைவிடக் களைப்பு வருமுன் நிறுத்தி நிறுத்திச் செய்வதில்தான் பலன்.

குனிந்து கால்விரலைத் தொடுவது, பச்சிமோத்தாசனம், ஹலாசனம், சூரிய நமஸ்காரம் இவற்றை முதல் 3 வாரம் தவிர்த்துவிடுங்கள். 'தொடைப் பின்தசை டைட்டாக இருக்கிறது, அதனால்தான் இடுப்பு வலிக்கிறது' என்று இழுத்துக்கொண்டே இருப்பவர்கள், ஆறும் புண்ணைத் தினம் கீறிப் பார்ப்பவர்களைப் போலத்தான். பூனை-பசு அசைவு எனும் மார்ஜாரி ஆசனத்தை வலியில்லாத எல்லைக்குள் மெதுவாக 6 முதல் 8 முறை செய்யலாம்.

விடியற்காலைச் சிக்கல்

சென்னை வெயிலுக்குப் பயந்து 4 மணிக்கு எழுந்து நாலேமுக்காலுக்கு ஓட ஆரம்பிப்பது இங்கே வழக்கம். குணமாகும் இடுப்புக்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் விழும் சுமை மற்ற நேரத்தைவிட அதிகம். அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் குனிந்து லேஸ் கட்டுகிறோம், பைக்கை ஸ்டாண்டிலிருந்து தள்ளுகிறோம், மேடு பள்ளத்தில் ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை வண்டி ஓட்டுகிறோம், இறங்கியதும் காலை நீட்டிக் குனிந்து ஸ்ட்ரெச் செய்கிறோம்.

முடிந்தால் முதல் 3 வாரம் ஓட்டத்தை மாலை 6 மணிக்கு மேல் மாற்றுங்கள். காலைதான் முடியும் என்பவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து வீட்டுக்குள் நடமாடுங்கள். தூக்கம் கெடாதபடி இரவு முன்னதாகவே படுங்கள். ஷூவை நாற்காலியில் உட்கார்ந்து, காலை எதிரே ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக் கட்டுங்கள். ஓட்டம் முடிந்ததும் ஹோட்டலில் பொங்கல் வடையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் பழக்கத்தில், எழும்போது இடுப்பு மரக்கட்டையாகிவிடும். 10 நிமிடம் நடந்து ஆறிய பிறகு சாப்பிடப் போங்கள். நடுவில் ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

ஓட்டத்துக்குத் திரும்புதல்

நாட்காட்டியைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். நான்கு சோதனைகள் தேற வேண்டும்: தொடர்ந்து 2 நாள் 30 நிமிட வேகநடை வலி ஏறாமல் முடிவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, இரண்டு மாடி ஏறி இறங்குவது, ஒவ்வொரு காலிலும் 10 முறை லேசாகத் துள்ளுவது. பலருக்கு இது 7 முதல் 14 நாளில் வரும்.

பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், சமதளத்தில், முன்னும் பின்னும் 5 நிமிடம் நடந்து:

1. 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
2. 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 8 முறை.
3. 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 5 முறை.
4. நிறுத்தாமல் 20 நிமிடம்.
5. நிறுத்தாமல் 30 நிமிடம்.

வேகம், பேசிக்கொண்டே ஓடும் அளவு. அடிகளைக் குறுக்கி விரைவாக எடுத்து வையுங்கள். நீளமாக எட்டி வைக்கும் காலின் அதிர்வு இடுப்புக்கு ஏறும். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் 2 வரை பரவாயில்லை, ஓட ஓட அது ஏறாமலும் மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்தும் இருந்தால். மறுநாள் விறைப்பு கூடுதல் என்றால் அதே படியைத் திரும்பச் செய்யுங்கள். வலி புட்டத்தைத் தாண்டிக் காலில் இறங்கினால் அன்றோடு நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். காலில் இருந்த வலி மேலேறி நடு முதுகுத்தண்டை நோக்கிச் சுருங்குவது, இடுப்பில் சற்றுக் கூடினாலும், நல்ல அறிகுறி.

ஐந்து படியும் முடிந்த பின் வாரக் கிலோமீட்டர் பழைய அளவில் 50 சதவீதம், அடுத்த வாரம் 70, அதற்கடுத்து 85. முதல் லாங் ரன், முன்பு ஓடிய நீளமான ஓட்டத்தில் பாதி. வேகப் பயிற்சியும் மேம்பால ஏற்றமும் எல்லாவற்றுக்கும் கடைசி. இறக்கத்தில் வேகமாக ஓடுவது அதற்கும் பிறகு. ஈ.சி.ஆர். போன்ற சாலையின் ஓரச் சரிவில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு இடுப்பு தாழ்ந்தே வேலை செய்யும். போக்குவரத்து இல்லாத பூங்காப் பாதையோ மைதானமோ இப்போதைக்கு மேல்.

இந்த இடத்தில்தான் மனம் அவசரப்படும். வலி போய்விட்டது, தவறவிட்ட 28 கிலோமீட்டரை இந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம் என்று தோன்றும். வலி போவதற்கும் தசை பழைய தாங்குசக்தியைப் பெறுவதற்கும் நடுவே சில வாரங்கள் இருக்கின்றன. இரண்டாவது பிடிப்பு வருவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். மழைக்கு விட்டுப்போன ஓட்டங்களைச் சேர்த்து ஓடுவதிலும் இதே ஆபத்து உண்டு. விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.

மூச்சுத் திறனைப் பற்றிக் கவலை வேண்டாம். 10 நாள் ஓடாவிட்டால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையாது. 2, 3 வாரத்தில் சில சதவீதம் குறையும். நடையும் தண்ணீர்ப் பயிற்சியும் அதிலும் ஒரு பங்கைக் காப்பாற்றும்.

தூக்கப் பழகுதல்

மூன்றாம் வாரத்திலிருந்து குனியும் முறையை மாற்றுங்கள். ஒரு நீளக் கம்பை முதுகோடு ஒட்டிப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் அது பட வேண்டும். முழங்காலைச் சற்றே மடக்கி, புட்டத்தைப் பின்சுவரை நோக்கித் தள்ளியபடி முன்னால் சாயுங்கள். மூன்றில் ஒன்று கம்பை விட்டு விலகும் இடம்தான் உங்கள் எல்லை. இது பழகியதும் 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கி இறக்குங்கள், 8 முறை, 3 சுற்று, வாரத்தில் 2 நாள். வலி இல்லையென்றால் வாரத்துக்கு 2 கிலோ ஏற்றலாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் 30 கிலோவை ஒட்டி வரும். இந்த எடைக்குப் பழகும்வரை அந்த வேலையை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும், குறிப்பாக லாங் ரன் அன்றும் மறுநாளும்.

போட்டியில் என்ன முடிவு

பிடித்த நாளுக்கும் போட்டிக்கும் நடுவே 10 வாரம் இருந்தால் திட்டத்தில் பெரிய மாற்றம் வேண்டாம். 6 முதல் 8 வாரம் என்றால் லாங் ரன்களில் ஓரிரண்டு போகும். குறி வைத்த நேரத்தை மறந்து, முடிப்பதை மட்டும் இலக்காக வையுங்கள். 4 வாரத்துக்குள் என்றால் 42.195 கிலோமீட்டரை விட்டுவிட்டு அரை மாரத்தானுக்கோ 10 கிலோமீட்டருக்கோ மாற முடியுமா என்று ஏற்பாட்டாளர்களைக் கேளுங்கள். பிரிவு மாற்றத்துக்குக் கடைசித் தேதி இருக்கும், முன்கூட்டியே பார்த்துவையுங்கள். போட்டிக்கு 10 நாள் முன்பு வலியில்லாமல் 90 நிமிடம் ஓட முடியாதவர் முழு மாரத்தானில் நிற்கக் கூடாது.

போட்டியன்று தொடக்க இடத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். நின்று, மெதுவாக நடந்துகொண்டிருங்கள். 30-வது கிலோமீட்டருக்கு மேல் இடுப்பு இறுக ஆரம்பித்தால் 2 நிமிடம் கைவீசி நடங்கள், பிறகு குறுகிய அடிகளில் ஓடிப் பாருங்கள். இரண்டாம் முறையும் இறுகினால் மிச்சத் தூரத்தை நடந்து முடிக்கலாம். உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது என்றாலோ, கால் மரத்தாலோ, மருத்துவக் கூடாரம் எங்கே என்று தன்னார்வலரைக் கேளுங்கள். கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் 10 நிமிடம் நடங்கள். பதக்கத்தைத் தலை குனியாமல் கையில் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். ஷூவை வேறொருவர் கழற்றிவிடட்டும். வீடு திரும்ப பைக் வேண்டாம்.